கூடாரம் அளவுக்கு ஒரு பன்னிரண்டு

என் அறையிலிருந்து ஒற்றைக் காலுறை காணாமல் போனாலும் விடமாட்டேன். ஹாஸ்டல் கதவைத் தட்டி, கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பிறகுதான் மறுவேலை. வில்லோ ஃபோர்க் கல்லூரி ஃபுட்பால் அணியின் ஹெல்மெட், தோள்கவசம், சட்டை, சலவை எல்லாம் இருபத்திரண்டு வருஷமாக என் பொறுப்பு. இதற்குள் ஆறு கோச்கள் வந்து போய்விட்டார்கள். வெல்டா மட்டும் அங்கேயே இருக்கிறாள். பையன்களுக்கு நான் வெல்டாம்மா. முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் உண்டு, அவையும் எனக்குத் தெரியும்.

ஃபுட்பால் என்றால் உலகமே உதைக்கிற உருண்டைப் பந்து இல்லை. கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற எங்கள் நீள் பந்து. அயோவாவில் சோளம் அறுவடையாகிற மாதங்களில் அதைவிட்டால் வேறு பேச்சு கிடையாது. எங்கள் கல்லூரியில் மொத்தம் எண்ணூறு பிள்ளைகள். அவர்களில் அறுபது பேரைப் பிடித்துக்கொண்டு வந்தால், அக்டோபரில் நாற்பது பேர் நொண்டாமல் நிற்பார்கள். பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டத்தை டிவியில் பார்த்துவிட்டு எங்கள் மைதானத்துக்கு வருகிறவர்கள், ஒரு பக்கம் ஜனங்கள் உட்கார நான்கு வரிசை இரும்புப் பலகையையும் மறுபக்கம் சோளக்காட்டையும் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்பார்கள். ஆமாம், இவ்வளவுதான்.

அந்த வருஷக் கதையை ஓரினிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஓரின் பிராண்ட்வோல்ட் அதற்கு மூன்று வருஷம் முன்னால் எங்களிடம் வந்தபோது ஒல்லிப்பிச்சான். பந்து எறிகிற குவார்ட்டர்பேக் ஆவேன் என்று வந்தான். நான்தான் பன்னிரண்டாம் நம்பர் சட்டையைக் கொடுத்தேன். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, திரும்பித் திரும்பி முதுகைப் பார்த்துக்கொண்டான். பிறகு மெஸ் சாப்பாடு அவனைக் கண்டுபிடித்துவிட்டது. பன்றிக்கறி சாண்ட்விச், உருளைக்கிழங்கு மசியல், அதன்மேல் இன்னொரு கரண்டி. இரண்டாம் வருஷம் முடிவதற்குள் நூற்று முப்பது கிலோ. கோச் ஹென்கல் அவனை மேலும் கீழும் பார்த்து, "தம்பி, இனிமே நீ எறிய வேண்டாம். எறியறவனைக் காப்பாத்து, போதும்" என்று முன்வரிசைக்கு அனுப்பிவிட்டார். நம்பரும் அறுபத்து நான்கு ஆயிற்று. பன்னிரண்டாம் நம்பர், பின்னால் வந்த டீக் என்கிற பையனுக்குப் போனது.

எங்கள் ஆட்டத்தில் நம்பர் என்பது சும்மா அலங்காரம் இல்லை. ஐம்பதிலிருந்து எழுபத்தொன்பது வரை போட்டவன் எதிரியை முட்டலாம், தள்ளலாம், முகத்தில் மண் அப்பிக்கொண்டு எழுந்திருக்கலாம். எறிந்த பந்தைப் பிடிக்க மட்டும் கூடாது. பிடித்தால் குற்றம். மற்ற நம்பர்காரர்கள் வரிசைக் கோடியிலோ பின்னாலோ நின்றால் பிடிக்கலாம். அன்றிலிருந்து ஓரின் மற்றவர்களுக்காக முட்டிக்கொண்டிருந்தான்.

அவன் வந்த முதல் மூன்று வருஷத்தில் எங்கள் அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஒன்றுகூட. அவனோடு சேர்ந்த இருபத்தாறு பேரில் இருபத்தொரு பேர் விட்டுப் போய்விட்டார்கள். ஓரின் போகவில்லை. கடைசி வருஷக் கோடையில் ஊர் ஊராக ஃபோன் போட்டு, "இந்த வருஷம் ஜெயிக்கிறோம், வா" என்று சொல்லி பதினொரு புதுப் பையன்களைக் கூட்டி வந்தான்.

"எந்த தைரியத்துலடா இப்படி வாக்குக் குடுத்தே?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவ வெல்டாம்மா. அந்த மணிய ஒரு தடவ காதால கேட்டுட்டா போதும். அப்புறம் நான் பேசாம ஊருக்குப் போய் பன்னி மேய்க்கிறேன்."

மணி என்றால், மைதானத்து வாசலில் இரும்புக் கம்பத்தில் தொங்குகிற மணி. ஜெயித்தால் மட்டும்தான் அடிக்கலாம். கடைசிப் புள்ளியை எடுத்தவன்தான் அடிக்க வேண்டும், எத்தனை புள்ளியோ அத்தனை அடி. முன்வரிசை மல்லர்கள் புள்ளி எடுப்பதில்லை, ஆகவே அடிப்பதும் இல்லை. கேட்க மட்டுமே ஆசைப்படலாம்.

முதல் ஆட்டம் நாற்பத்தெட்டுக்குப் பூஜ்யம். மெஸ்ஸில் ஒருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எல்லாம் அதே லட்சணம். ஐந்தாவதில் பாதி ஆட்டம் வரை நாங்கள் முன்னால் இருந்தோம்! கோச்சுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை, இடைவேளையில் பேச்சை மறந்துவிட்டார். ஏழாவதில் மூன்றே புள்ளியில் தோற்றோம். எட்டாவது கூடுதல் நேரத்துக்குப் போய், கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போயிற்று. சலவைக்கு வருகிற சட்டைகளே கதை சொல்லின. செப்டம்பரில் எல்லாச் சட்டையும் முதுகுப் பக்கம் அழுக்கு, அதாவது மல்லாக்க விழுந்திருக்கிறார்கள். அக்டோபரில் மார்புப் பக்கம் அழுக்கு. எனக்கு உள்ளூர ஒரு குதூகலம் பிடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பதாவதும் போயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று: நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை, சொந்த மைதானத்தில், செயின்ட் ஆல்ட்ரிக் கல்லூரியோடு.

கடைசி ஆட்டத்துக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வருஷப் பையன்கள் தாங்கள் முதன்முதலில் போட்ட நம்பரோடு மைதானத்துக்குள் ஓடி வருவார்கள். கைதட்டு வாங்கிவிட்டு, ஓரமாகப் போய் இப்போதைய நம்பருக்கு மாறிக்கொள்வார்கள். அம்மாக்கள் மகனுடைய மாற்றுச் சட்டையைக் குளிர்கோட்டுக்கு மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பழைய பன்னிரண்டு ஓரினுடைய ஒரு தொடைக்குக்கூடப் பற்றாது. ஆகவே கிழிந்த இரண்டு கரும்பச்சைச் சட்டைகளை ஒட்டி நானே தைத்தேன்.

"இது சட்டையா, கூடாரமா வெல்டாம்மா?" என்று டீக் கேட்டான்.

"மழை வந்தா உனக்கும் இடம் இருக்கும். வாய மூடிட்டுப் போ."

ஓரின் போட்டுப் பார்த்தான். அதே நிலைக்கண்ணாடி, அதே மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் கோபமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு ஊசியைத் தேடினேன்.

ஆட்டம் ஆரம்பித்த நிமிஷத்திலிருந்தே தீப்பொறி பறந்தது. அவர்கள் ஏழு எடுத்தால் நாங்கள் ஏழு. அவர்கள் பதினான்கு எடுத்தால் நாங்களும் பதினான்கு. இரண்டு கம்பத்துக்கு நடுவே பந்தை உதைத்தால் அது கோல், மூன்று புள்ளி. இடையில் அப்படிக் கோல் உதைக்கும்போது பந்தை நட்டுப் பிடிக்கிற பையனுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. அவனை பெஞ்சில் உட்கார்த்தி ஐஸ் கட்டினேன். அவன் நம்பர் முப்பத்தொன்று. அவன் இடத்தில் டீக் பந்தைப் பிடிப்பான் என்று கோச் சொன்னார். காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடைசி இரண்டு நிமிஷம். அவர்கள் இருபத்தொன்று, நாங்கள் இருபது. பந்து எங்கள் கையில். டீக் எறிகிறான், பிடிக்கிறார்கள். எறிகிறான், பிடிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஓரின் தன் முன்னால் வந்தவனைத் தூக்கி ஓரமாக வைக்கிறான். இரும்புப் பலகையில் ஜனங்கள் காலால் உதைக்கிற சத்தத்தில் எனக்குப் பல் அதிர்ந்தது. இன்னும் நாற்பது வினாடி இருக்கும்போது ஒரு முழங்கை ஓரினுடைய மூக்கில் இறங்கியது. மார்பெல்லாம் ரத்தம். நடுவர் விசில் ஊதி, "ரத்தம் பட்ட சட்டையோட ஆடக் கூடாது. வெளிய போ" என்று கையைக் காட்டினார்.

ஓரின் என்னிடம் ஓடி வந்தான். "வேற சட்ட குடுங்க! சீக்கிரம்!"

"உன் மாத்துச் சட்ட உங்கம்மா மேல இருக்குடா!"

அவன் அம்மா மார்லா மேல்வரிசையில், கையில் சூப்பு டம்ளரோடு, அறுபத்து நான்காம் நம்பரில் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள். அவளை அங்கிருந்து இறக்க அரை மணி நேரமாகும். கையில் இருந்தது கூடாரப் பன்னிரண்டு மட்டும். அதை மாட்டிவிட்டேன். முன்வரிசையில் அந்த நம்பரோடு வழக்கமான ஆட்டம் ஆட முடியாது, கோல் உதைக்கும்போது மட்டும் எந்த நம்பர் போட்டவனும் வரிசையில் நிற்கலாம். வரிசையின் இடது கோடியில் அவன்தான் வழக்கமாக நிற்பான்.

"நடுவர்ட்ட போய் நம்பர் மாத்தினதச் சொல்லு. நானும் வரேன். நட."

இரண்டு பேரும் போய்ச் சொன்னோம். நடுவர் தலையாட்டிவிட்டு, எதிரணிக் கோச்சிடமும் போய்ச் சொன்னார். அந்த மனிதர் கவனித்தாரோ இல்லையோ, தெரியாது.

அவன் வெளியே இருந்தபோது டீக் எறிந்த இரண்டு எறிகளில் பந்து இருபதாம் கஜக் கோட்டுக்கு வந்துவிட்டது. பதினான்கு வினாடி. கோச் கத்தினார்: "கோல் டீம்! போங்கடா!"

ஓரின் மூக்கில் பஞ்சோடு ஓடினான். டீக் மண்டியிட்டான். உதைக்கிற பையன் நீல்ஸ் இரண்டு எட்டு எடுத்து வைத்தான். பந்து எழும்பி, கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து, மனசு மாறி, இரண்டு கம்பத்துக்கும் நடுவே போய் விழுந்தது.

இருபத்து மூன்று! பெஞ்சு முழுக்க மைதானத்துக்குள் பாய்ந்தது. கோச் ஹென்கல் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். ஆறு வருஷத்தில் என்னைத் தொட்டுக்கூடப் பேசாத ஆள். தலைகால் புரியாமல் நானும் அவர் தொப்பியைப் பிடுங்கி எறிந்தேன்.

அப்போதுதான் குற்றம் கண்டால் நடுவர்கள் எறிகிற மஞ்சள் கொடி புல்லில் கிடப்பதைப் பார்த்தேன்.

நடுவர் மைக்கில் பேசினார். "குற்றம், வில்லோ ஃபோர்க். ஒரே நம்பர் போட்ட இருவர் ஒரே நேரத்தில் ஆடினார்கள். பன்னிரண்டு. ஐந்து கஜம் பின்னால். மறுபடி உதைக்க வேண்டும்."

டீக் பன்னிரண்டு. ஓரின் பன்னிரண்டு. இருபத்திரண்டு வருஷமாக இந்த நம்பர்களோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு இது தோன்றவில்லை. நாற்பது ஆட்டத்தில் கிடைத்த ஒரே வெற்றியை, அந்தப் பிள்ளையின் வாய்க்கு வந்த பிடியை, நானே தட்டிவிட்டேன். எதிரணி பெஞ்சிலிருந்து ஒருவன், "பாட்டி, கண்ணாடி போட்டுக்கோ!" என்று கத்தினான். அவன் சொன்னதில் தப்பில்லை.

கோச் கடைசி டைம் அவுட்டைக் கேட்டார். ஓரின் ஓடி வந்து என் முன்னால் நின்றான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"வெல்டாம்மா, நான் வெளிய நின்னுக்கிறேன். வேற யாரையாவது போடுங்க."

"யாரப் போடறது? பெஞ்சப் பாரு. எல்லாம் நொண்டிக் கூட்டம்." அவன் மூக்குப் பஞ்சை அழுத்திவிட்டேன். "தப்பு என்னுதுடா."

"அப்போ என்னதான் பண்றது?"

என் மூளை அப்போதுதான் வேலை செய்தது. ஐஸ் கட்டி உட்கார்ந்திருந்த முப்பத்தொன்றைப் பிடித்து, "கையத் தூக்கு!" என்று சட்டையை உரித்தேன். டீக்கைக் குனியவைத்து அவன் சட்டையையும் உரித்தேன். தோள்கவசத்தில் மாட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது.

"ஐயோ, கழுத்து! கழுத்து!" என்று டீக் அலறினான்.

"கழுத்த அப்புறம் பாத்துக்கலாம்!"

"என் நம்பர நான் ஏன் கழட்டணும்? அவன் கழட்டட்டுமே!"

"கூடாரத்துக்குள்ள நீ போனா தேடி எடுக்க ஆள் வேணும். போட்றா இத!"

முப்பத்தொன்றை அவன் தலைவழியே மாட்டி இறக்கி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடுவர் முன்னால் நிறுத்தினேன். "ஐயா, இவன் இப்போ முப்பத்தொண்ணு. இடது கோடில நிக்கிறவன் பன்னெண்டு. பன்னெண்டு ஒருத்தன்தான். நல்லாப் பாத்துக்குங்க."

"புரிஞ்சுதும்மா," என்றார் நடுவர். அவருக்குச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

பத்து வினாடி. இப்போது ஐந்து கஜம் பின்னால். நீல்ஸ் பயிற்சியில்கூட அந்தத் தூரத்தைப் பாதித் தடவைதான் தாண்டியிருக்கிறான். பலகையில் ஒரு சத்தமும் இல்லை. சோளத்தட்டை காற்றில் உரசுவது கேட்டது. மார்லா சூப்பு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பந்தைப் பின்னால் வீசுகிற பையனுக்குக் கை விறைத்திருக்க வேண்டும். பந்து டீக்கின் தலைக்கு மேலே பறந்தது. டீக் எம்பிப் பிடித்தான், ஒரு விரலால், கடவுள் புண்ணியம். உதைக்க நேரமில்லை. இடது பக்கமாக ஓடினான். எதிரணி மொத்தமும் அவன்மேல் பாய்ந்தது. நீல்ஸ் ஒருவனைத் தடுக்கப் போய் விழுந்தான்.

ஓரின் தன் ஆளை முட்டினான். அந்த ஆளோ அவனை விட்டுவிட்டு டீக்கைத் துரத்த ஓடிப்போனான். ஓரின் கோட்டில் தன்னந்தனியாக நின்றான். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. மத்தியானம் முழுவதும் முன்வரிசையில் முட்டிக்கொண்டிருந்த தடியன் பந்து பிடிப்பான் என்று யாருக்குத் தோன்றும்? அவனுக்கே தோன்றவில்லை. டீக் அவனைப் பார்த்துக் கையை ஓங்கியதும், "நான் இல்ல! நான் இல்ல!" என்பதுபோல் இரண்டு கையையும் ஆட்டினான். முன்வரிசைப் பழக்கம்.

நான் வெள்ளைக் கோடு வரைக்கும் ஓடினேன். அதற்குமேல் போகக் கூடாது. அங்கே நின்று என் வாழ்நாளில் கத்தாத கத்து கத்தினேன்.

"ஓரின்! நீ பன்னெண்டுடா! இப்போ நீ பன்னெண்டு! ஓடு!"

அவன் குனிந்து தன் மார்பைப் பார்த்தான். சத்தியமாகப் பார்த்தான். பிறகு ஓடினான். அதை ஓட்டம் என்று சொல்வது பெருந்தன்மை. நூற்று முப்பது கிலோ, மூக்கில் பஞ்சு, கூடாரம் காற்றில் படபடக்க. டீக்கை இரண்டு பேர் கீழே சாய்க்கிற அதே நொடியில் பந்து அவன் கையை விட்டது. அழகான எறி இல்லை, தள்ளாடிக்கொண்டு வந்தது. பத்தாம் கஜக் கோட்டில் ஓரின் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டான். ஒருவன் அவன் முதுகில் ஏறினான். ஓரின் நடந்தான். இன்னொருவன் காலைக் கட்டிக்கொண்டான். ஓரின் அவனையும் இழுத்துக்கொண்டு நடந்தான். மூன்றாவது ஆள் வந்து மோத, நான்கு பேரும் சேர்ந்து கடைசிக் கோட்டுக்கு அந்தப்பக்கம் விழுந்தார்கள். கடிகாரத்தில் பூஜ்யம்.

மறுபடி ஒரு மஞ்சள் கொடி.

பக்கக்கோட்டில் நின்ற இளம் நடுவர் ஒருவர் போட்டது. "முன்வரிசை ஆள் பந்தைப் பிடித்தான்" என்று கையைக் காட்டினார். செயின்ட் ஆல்ட்ரிக் பெஞ்சு குதித்தது. கோச் ஹென்கல் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஓரின் பந்தைக் கட்டிக்கொண்டு படுத்தபடியே தலையைத் தூக்கி, யாரையும் பார்க்காமல் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

தலைமை நடுவர் மெதுவாக, ரொம்ப மெதுவாக நடந்து வந்தார். இளம் நடுவரிடம் ஏதோ கேட்டார். பிறகு ஓரினிடம் போய், "எழுந்திரு தம்பி, மார்பைக் காட்டு" என்றார். ஓரின் எழுந்து நின்றான். நடுவர் நம்பரைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். குனிந்து கொடியை எடுத்துப் பாக்கெட்டில் செருகிக்கொண்டார்.

"குற்றம் இல்லை. பன்னிரண்டு கோடியில் நின்றான். முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். டச் டவுன். ஆட்டம் முடிந்தது."

டச் டவுனுக்கு ஆறு புள்ளி. இருபத்தாறுக்கு இருபத்தொன்று. அதற்கப்புறம் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. டீக் என் தோளில் தொங்கிக்கொண்டு, "வெல்டாம்மா, கழுத்து சரியாயிடுச்சு!" என்று கூவியது மட்டும் ஞாபகம். கூட்டம் ஓரினைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. ஆகவே அவனைச் சுற்றி நின்றுகொண்டு தள்ளிக்கொண்டே வாசலுக்குப் போனார்கள்.

நான் என் அறைக்கு வந்துவிட்டேன். துவைக்க மலைபோலக் குவிந்திருந்தது. மூன்று மெஷினையும் போட்டேன். முதல் மணிச் சத்தம் வந்ததும் மூன்றையும் நிறுத்திவிட்டேன். கடைசிப் புள்ளியை எடுத்தவன் ஓரின். கேட்டால் போதும் என்றவன் அடித்துக்கொண்டிருந்தான். ஈரத்துணி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எண்ணினேன். இருபத்தாறோடு அவன் நிறுத்தவில்லை. முப்பது, முப்பத்தைந்து. யாரும் அவனைத் தடுக்கவும் இல்லை. நாற்பதுக்கு மேல் எனக்கு எண்ண முடியவில்லை, கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. நான் அழுகிற ஜாதி இல்லை. அன்றைக்கு நன்றாகவே அழுதேன்.

திங்கட்கிழமை எல்லாரும் வரிசையாக வந்து உடுப்பை ஒப்படைத்தார்கள். ஓரின் ஹெல்மெட்டைக் கொடுத்தான். தோள்கவசம், முழங்கால் பட்டை, ரத்தக்கறையோடு அறுபத்து நான்கு, அவன் அம்மா மடித்துக் கொடுத்தனுப்பிய இன்னொரு அறுபத்து நான்கு, இரண்டு ஜோடிக் காலுறை, எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்தான். வைத்துவிட்டு, கன்னம் சிவக்க அங்கேயே நின்றான். அவன் குளிர்கோட்டுக்கு உள்ளே, கழுத்துப் பக்கம், கரும்பச்சைத் துணியில் என்னுடைய தையல் தெரிந்தது.

"எல்லாம் சரியா இருக்கு," என்றேன். "போ, பஸ்ஸுக்கு நேரமாச்சு."